மாலைதீவுக்குப் புறப்பட்ட பை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறின முற்றம் மாதிரி இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒன்றுதான். எந்த இடத்தில் எது வந்து நிற்கிறதோ அது அதன் பாடு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டுவிட்டேன். அச்சடிக்கிறவர்கள் எழுத்தைத் திருத்திப் போட்டால் புண்ணியம். கதையைத் திருத்த வேண்டாம். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். வாயால் சொல்லாமல் விட்டதை எல்லாம் கையால் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் உறைப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1

டென்மார்க்கில் ஒரு சின்ன நகரத்தில், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் லோண்டரியில் எனக்கு வேலை. காலையில் நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் ஒரு பயணக் கடை இருக்கிறது. நான் வந்த நாளிலிருந்து அதன் கண்ணாடியில் ஒரே படம்தான். நீலக் கடல், வெள்ளை மணல், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் ஓலைக் குடிசைகள். வெளியே பனி கொட்டும், படத்துக்குள் ஒரு வெள்ளைக்காரி வெயில் காய்ந்துகொண்டிருப்பாள். இத்தனை வருடமாக அவள் கறுக்கவும் இல்லை, எழும்பிப் போகவும் இல்லை.

போன கிழமை என் மகள் அபி அதே படம் போட்ட புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கூடப் படிக்கும் இரண்டு பெட்டைகளோடு மார்கழி விடுமுறைக்கு மாலைதீவு போகிறாளாம். எங்களிடம் கேட்கவில்லை, அறிவித்தாள். இங்கே பிள்ளைகள் அறிவிப்பார்கள், அதுவும் பாதி டேனிஷில். எனக்கு விளங்காத பாதிக்குள்தான் முக்கியமான விஷயம் இருக்கும்.

"அப்பா, அது கொழும்புக்குக் கிட்டத்தானே? சுகந்தி அத்தையை ஒருநாள் வரச் சொல்லுவமா? காலமை பிளேன் ஏறி வந்திட்டுப் பின்னேரம் திரும்பலாம்."

நான் மனைவி செல்வியைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்தாள். மாலைதீவுக்கு ஒருநாள் பயணம், அதுவும் சுகந்தி. இந்தப் பயணத்தை எங்கள் குடும்பம் ஒருமுறை திட்டம் போட்டுப் பார்த்தாயிற்று. அபிக்குத் தெரியாது. அப்போது அவள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பால்போத்தலோடு திரிந்தவள்.

"ஏனப்பா சிரிக்கிறீங்கள்?" என்று கேட்டாள். டேனிஷில் சொல்லத் தெரியாது, தமிழில் சொன்னால் அவள் கடைசிவரை இருந்து கேட்கமாட்டாள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

சுகந்தி என் தங்கச்சி. புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரின் கந்தோரில் டைப் அடித்தாள். நான் செட்டியார் தெருவுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைச் சந்துக்குள் வாடகைக்கு இருந்தோம். அம்மா அப்பா இறந்துபோய்விட்டார்கள். ஆகவே சுகந்தியின் கலியாணம் வெள்ளவத்தையில் இருந்த பெரியப்பாவின் கைக்குப் போனது. பெரியப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். உலகத்தில் எது, எப்போது, எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது தனக்கே தெரியும் என்ற எண்ணம் அவரை விட்டு ஓய்வு பெறவில்லை.

அவர் பிடித்துவந்த மாப்பிள்ளை கனடாவில் இருந்தார். பெயர் ரவீந்திரன். முதலில் படம் வந்தது. பிறகு ஒரு வீடியோக் கசெற் வந்தது. அதில் மாப்பிள்ளை காரின் கதவைத் திறக்கிறார், மூடுகிறார். வீட்டுக்குள் போய்க் குளிர்ப்பெட்டியின் கதவைத் திறக்கிறார், மூடுகிறார். கடைசியில் கராஜின் கதவு தானாகவே திறக்கிறது. பெரியப்பா கைதட்டினார்.

"என்ன பிள்ளை, பிடிச்சிருக்கோ?"

"எது பெரியப்பா, கராஜோ?" என்றாள் சுகந்தி.

அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். ஆளை நேரில் பார்க்காமல், கதைத்துப் பார்க்காமல் கழுத்தை நீட்டமாட்டேன். ஒரு நாள் போதும், ஆனால் அந்த ஒரு நாள் வேண்டும். படத்தைப் பார்த்துக் கலியாணம் பேசி, கட்டுநாயக்காவில் பிளேன் ஏறி, அங்கே இறங்கிய பிறகு படத்துக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை என்று அழுத பெண்களின் கடிதங்களை அவள் கந்தோரில் டைப் அடித்திருக்கிறாள்.

அகதியாகப் போன மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்த பயணப் பத்திரத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகக் கூடாது என்று அடித்திருந்தார்களாம். இந்தியாவுக்கு எங்களுக்கு விசா எடுப்பது மலையைக் கெல்லுகிற வேலை. கடைசியில் யாரோ மாலைதீவைச் சொன்னார்கள். அங்கே முன்கூட்டி விசா வேண்டாம், போய் இறங்கினால் முத்திரை குத்துவார்கள். மாப்பிள்ளை கனடாவிலிருந்து ஒரு கிழமை லீவில் வந்து ஒரு தீவில் நிற்பார். நாங்கள் திங்கட்கிழமை காலை கொழும்பில் ஏறி, பார்த்து, கதைத்து, அன்று பின்னேரமே திரும்ப வேண்டும். பெண் பார்க்கிற இடத்தில் இரவு தங்கினால் சனம் என்ன கதைக்கும் என்று பெரியப்பா சொன்னார். அந்தத் தீவில் எங்கள் சனம் ஒருவரும் இல்லை என்பது அவருக்குப் பொருட்டாகப் படவில்லை.

3

திட்டம் போடும் கூட்டங்கள் ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளவத்தையில் நடந்தன. போகிறது மூன்று பேர், சுகந்தி, பெரியப்பா, நான். என்னைச் சேர்த்ததற்குக் காரணம் நான் வாய் திறக்கமாட்டேன் என்பதுதான். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் குறைவாகக் கதைக்கிற அண்ணன் ஒரு மதிப்பாம்.

பயணக் கடைக்காரர் தந்த படத்தைப் பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"உதென்ன, மீன் வாடியோ?"

"இல்லை பெரியப்பா, அதிலதான் ஆக்கள் தங்குறது" என்றாள் சுகந்தி.

"கடலுக்குள்ள கொட்டில் போட்டு, அதுக்குக் காசும் குடுத்து இருக்குதுகளே! எங்கட கரையில சும்மா இருக்கலாமே."

எங்கள் கரையில் சும்மா இருக்க முடியாது என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை. எங்கள் கரையில் அப்போது மீன்பிடிக்கே தடை. அந்த நேரத்திலும் கட்டுநாயக்காவில் வெள்ளைக்காரர்கள் அரைக் காற்சட்டையோடு இறங்கி, பூமாலை போட்டுக்கொண்டு தெற்குக் கரைக்குப் போனார்கள். ஒரே நாட்டில் அவர்களுக்கு ஒரு கடல், எங்களுக்கு வேறொரு கடல்.

பிறகு மணலில் எந்தச் சேலை கட்டுவது என்று இரண்டு ஞாயிறு போனது. பட்டுச்சேலை கட்டிப் படகில் ஏறலாமா, ஈரம் பட்டால் என்ன செய்வது, செருப்பைக் கழற்ற வேண்டி வந்தால் மாப்பிள்ளைக்கு முன்னால் யார் கழற்றுவது. சாமிப் படம் அந்த விமான நிலையத்தில் விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பெரியப்பா ஒரு சரை மஞ்சள்தூளை எடுத்து மடித்துக்கொண்டார். அங்கே போய்ப் பிள்ளையார் பிடிக்கலாம் என்றார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பலகாரம் கொடுக்கிறது எங்கள் வழக்கம். இங்கே பெண்தான் மாப்பிள்ளையைத் தேடிப் போகிறாள். ஆனாலும் பலகாரம் எங்கள் பக்கத்திலிருந்துதான் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. செல்வி இரண்டு நாள் இருந்து பயற்றம் பணியாரமும் முறுக்கும் சுட்டாள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் பெரியப்பா பஞ்சாங்கத்தைத் திறந்தார்.

"ஐயோ, திங்கட்கிழமை அட்டமி!"

ரிக்கெற் எடுத்தாயிற்று. மாப்பிள்ளை அங்கே பிளேன் ஏறியும் ஆயிற்று. அட்டமியில் நல்ல காரியத்துக்குப் படி தாண்டக் கூடாது. ஆனால் எங்கள் ஆட்கள் எந்தப் பூட்டுக்கும் ஒரு திறப்பு வைத்திருப்பார்கள். முதல் நாள் நல்ல நேரத்தில் பயணப் பையை மட்டும் வீட்டைவிட்டு வெளியே அனுப்பி இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அடுத்த நாள் நாங்கள் போவது தொடக்கம் அல்ல, தொடர்ச்சி. கடவுளை ஏமாற்றுகிற அந்தக் காரியத்துக்குப் 'பிரஸ்தானம்' என்று பெரியப்பா பெயர் சொன்னார். கடவுள் தபால் முத்திரையின் தேதியைப் பார்த்து ஏமாந்துவிடுவார் என்பது ஒரு தபாலதிபரின் நம்பிக்கை.

"பைக்குள்ள பயணத்துக்கு முக்கியமான சாமான் இருக்கவேணும். இல்லாட்டி அது பிரஸ்தானம் இல்லை, வெறும் பை" என்று சொல்லி, மூன்று பாஸ்போட்டையும் ரிக்கெற்றையும் பணியாரத்துக்கு மேலே வைத்து மூடினார்.

4

ஞாயிறு காலை நல்ல நேரம் வந்தது. பையை வைப்பதாக இருந்தது கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்காவிடம். அவர் பூசைக்குப் போயிருந்தார், கதவு பூட்டு. நல்ல நேரமோ முடியப் போகிறது.

"வாசற்படியில வைச்சாலும் அவவின்ர வீடுதானே" என்றார் பெரியப்பா.

"ரோட்டோரம் பெரியப்பா. ஆரும் பாத்தால்…" என்றாள் சுகந்தி.

"ஆர் பாக்கிறது? எங்கட ஒழுங்கைதானே."

தாமே கொண்டுபோய், கறுப்பு நிறப் பெரிய பையைப் பூட்டிய கதவுக்கு முன்னால் வைத்துவிட்டு, விறுவிறென்று திரும்பி வந்தார். வைத்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுவும் சட்டம். எங்கள் கதவையும் யன்னலையும் சாத்தச் சொன்னார். அது பார்சல் குண்டுக் காலம். பஸ்ஸில் ஒருவர் சாப்பாட்டுப் பையை மறந்து இறங்கினால் முழு பஸ்ஸும் யன்னலால் குதிக்கும் காலம். அந்தக் காலத்தில், தமிழர் ஒழுங்கையில், பூட்டிய வீட்டின் வாசலில் ஆளில்லாத பை. அதைச் சொந்தக்காரர்கள் பார்க்கவே கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருக்கிறோம். இந்த மூளை வேறெந்தச் சனத்துக்கும் வராது.

கொஞ்ச நேரத்தில் வெளியே சனம் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு விசில். ஒருவன் சிங்களத்தில் எல்லாரையும் வெளியே வரச்சொல்லிக் கத்தினான். கதவைத் திறந்தால் ஒழுங்கையின் இரண்டு முனையிலும் ஆமிக்காரர், குறுக்கே கயிறு. பூசை முடிந்து வந்த பிலோமினா அக்கா தலையில் முக்காட்டோடு கயிற்றுக்கு அப்பால் நின்று மாரில் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ மாதாவே! என் வாசல்ல பாம் வச்சிட்டாங்களாம் தம்பி! நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன்?"

சுகந்தி முன்னுக்குப் போய்ச் சிங்களத்தில் சொன்னாள். அது எங்கள் பை, உடுப்பும் பலகாரமும்தான், நானே போய்த் திறந்து காட்டுகிறேன். ஒருவரும் கேட்கவில்லை. எங்களைப் பின்னால் தள்ளிவிட்டு, பைக்கு வெடி வைத்தார்கள். படாரென்று ஒரு சத்தம். பிறகு ஒழுங்கை முழுவதும் பட்டுத் துண்டும் முறுக்கும் மஞ்சள்தூளும் பறந்து விழுந்தன. சுகந்தி கையைப் பிசைந்துகொண்டு பார்த்தாள். அவள் கேட்ட ஒரு நாள், பிலோமினா அக்காவின் சுவரில் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

ஒரு பொலிஸ்காரன் உருண்டையான பயற்றம் பணியாரத்தைக் குச்சியால் உருட்டி, "மேக்க மொகத்த?" என்றான். இது என்ன என்று கேட்டது. பதில் சொல்லப் பெரியப்பாவுக்குச் சிங்களம் மறந்துவிட்டது. எனக்குத் தமிழே மறந்துவிட்டது.

5

பெரியப்பாவையும் என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். பொலிஸ் நிலையத்துக்குப் பொறுப்பான பெரியவர் மேசையில் எரிந்த பாஸ்போட்டுகளை வைத்துக்கொண்டு கேட்டார், உன் பையை நீயே ஏன் அடுத்த வீட்டு வாசலில் வைத்தாய்? பெரியப்பா அட்டமியையும் நல்ல நேரத்தையும் திக்கித் திக்கிச் சொன்னார். இத்தோடு முடிந்தோம் என்று நினைத்தேன்.

பெரியவர் தலையாட்டினார். லாச்சியைத் திறந்து ஒரு சிங்களப் பஞ்சாங்கத்தை எடுத்தார். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, திங்கட்கிழமை நல்லது இல்லைதான்" என்று சிங்களத்தில் சொன்னார். "என் அம்மாவும் இப்படிச் செய்வா. ஆனால் வீட்டுக்குள்ளே வைப்பா. ஞாயிற்றுக்கிழமைக்கு நேரம் பார்த்தது யார்?"

"நான்தான் சேர்" என்றார் பெரியப்பா, கொஞ்சம் பெருமையாக.

"அப்போ நீ முதலில் உள்ளே போ."

இரண்டு சனமும் இத்தனை வருடம் அடிபடுகிறார்கள். எத்தனையோ பேர் எத்தனையோ நாட்டில் மேசை போட்டுப் பேசிப் பார்த்தார்கள். ஒத்துப்போன ஒரே விஷயத்தை நான் அங்கேதான் கண்டேன். அது எங்களை வெளியே விடப் போதுமாக இருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கூட்டுக்குள் இருந்தபடி பெரியப்பா என்னிடம் கேட்டார், "தம்பி, ஒம்பது ஆச்சே? இராகு காலம் முடிஞ்சால் விட்டிடுவாங்கள்."

பிளேன் போய்விட்டது. இராகு காலம் எங்களை விடவில்லை. சுகந்திதான் விட வைத்தாள். விடிந்ததும் கந்தோர்ச் சேலையோடு புதுக்கடைக்குப் போய், தன் வழக்கறிஞரைக் கோட்டுக்கூடப் போட விடாமல் கூட்டிவந்தாள். அவர் பெரியவரோடு அரை மணித்தியாலம் கதைத்தார். மத்தியானம் வெளியே வந்தோம். பிலோமினா அக்கா வந்து, தன் வாசலில் வைத்தது பலகாரம்தான் என்று சாட்சி சொன்னதும் உதவியது. "ஒரு முறுக்கு என் ஜன்னல்லயே கிடந்துச்சு சேர், உப்புத்தான் கொஞ்சம் கூட" என்று சொன்னாராம்.

6

அன்று பின்னேரம் வெள்ளவத்தையில் ரெலிபோனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை அந்தத் தீவிலிருந்து எடுப்பார் என்று தெரியும். அவரும் பாவம், இறங்குதுறையில் காலையிலிருந்து நின்றிருப்பார். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. பெரியப்பா கைநீட்ட முதல் சுகந்தி எடுத்துவிட்டாள். மறுபக்கம் கத்திக் கதைத்ததால் எங்களுக்கும் கேட்டது.

"ஏன் வரேல்லை?"

சுகந்தி சுருக்கமாகச் சொன்னாள். பை, குண்டு, பொலிஸ், அண்ணாவும் பெரியப்பாவும் உள்ளே இருந்தது.

மறுபக்கம் ஒருமுறை செருமியது. பிறகு, "என்ர பேரைச் சொன்னவையோ?"

"என்ன?"

"பொலிசில. என்ர பேர். ஆரைப் பாக்கப் போறம் எண்டு சொல்லேக்க என்ர பேர் சொன்னவையோ? கனடா எண்டு சொன்னவையோ?"

"அண்ணாவும் பெரியப்பாவும் ஒரு இரவு உள்ளுக்கு இருந்தவை" என்றாள் மறுபடியும்.

"அது சரி. பேர் சொன்னவையோ, இல்லையோ?"

"இல்லை. சொல்லேல்லை."

"அப்பாடா. அப்பச் சரி. வேறொரு நாள் பாத்து…"

சுகந்தி ரெலிபோனை வைத்துவிட்டாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"என்ன பிள்ளை, ஆள் கதைச்சுக்கொண்டிருக்க வைக்கிறாய்? இனி எப்ப நேரில பாக்கிறது?"

"பாத்திட்டன் பெரியப்பா."

"எங்கையடி பாத்தனீ?"

"இப்பதான். வடிவாத் தெரிஞ்சுது."

அந்தக் கலியாணம் அத்தோடு முடிந்தது. பெரியப்பா நாலு நாள் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் எழும்பி, நான் பார்த்த நேரம்தான் பிள்ளையைக் காப்பாற்றியது, பிரஸ்தானம் ஒருக்காலும் பொய்க்காது என்று ஊருக்குச் சொல்லத் தொடங்கினார். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார். அவருக்குத் தோல்வி என்று ஒன்று பஞ்சாங்கத்தில் போடவில்லை.

7

அந்த வழக்கு என்னை விடவில்லை. அடுத்த சுற்றிவளைப்பிலும் அதற்கு அடுத்ததிலும் பழைய பையைக் கிளறினார்கள். கடைசியில் நான் இங்கே வந்து சேர்ந்தேன். அகதி விசாரணையில் ஒரு டேனிஷ் பெண் பேனையோடு இருந்தாள். பக்கத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர், படித்த பெடியன்.

"உங்களை முதலில் ஏன் பிடித்தார்கள்?"

"பை வைத்ததற்கு."

"பைக்குள் என்ன?"

"பணியாரம்."

மொழிபெயர்ப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பணியாரத்துக்கு டேனிஷில் சொல் இல்லை என்றார். பையைச் சொந்தக்காரன் ஏன் பார்க்கக் கூடாது என்பதை அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினோம். அந்தப் பெண் எழுதியதைப் பிறகு வாசித்துக் காட்டினார்கள். 'மதச் சடங்கின் பொருட்டு உணவை வீதியில் வைத்தமைக்காக.' அப்படியே ஒப்பம் வைத்தேன். இந்த நாட்டில் நான் காலூன்றி நிற்பது அந்த ஒரு வரியின் மேல்தான். கடலுக்குள் நிற்கிற அந்தக் கொட்டில்கள் மாதிரி.

சுகந்தி புதுக்கடையிலேயே இருக்கிறாள். கலியாணம் கட்டவில்லை. பிறகும் இரண்டு பேரைப் 'பார்த்தாள்', இரண்டு முறையும் வடிவாகத் தெரிந்ததாம். இப்போது அந்தக் கந்தோரில் அவளைக் கேட்காமல் ஒரு கடிதம் வெளியே போகாது.

அபி சொன்னதை அவளுக்குச் சொல்ல, போன சனிக்கிழமை ரெலிபோன் எடுத்தேன். செல்வி பக்கத்தில் நின்று, இப்போதே பெரியப்பாவிடம் ஒரு நல்ல நேரம் கேட்கச் சொன்னாள். அபியின் பெட்டியை முதல் நாளே பக்கத்து வீட்டு டேனிஷ் கிழவியிடம் வைக்கலாமாம், அவள் நல்லவளாம். நான் வாழ்க்கையில் முதல் முறையாக மனைவியிடம் குரல் உயர்த்தினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், ஒழுங்கையில் திரும்பவும் ஏதோ வெடித்தது போல இருந்தது.

சுகந்தி எல்லாவற்றையும் கேட்டாள்.

"அபி தானாகவே கேட்டவளோ, நீங்கள் சொல்லிக் கேட்டவளோ?"

"தானாகத்தான்."

"எந்த நாள்?"

சொன்னேன். பின்னால் தாள் புரளும் சத்தம் கேட்டது. இவளுமா பஞ்சாங்கம் பார்க்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"என்னடி பாக்கிறாய்?"

"கோர்ட்டு லீவு எண்டைக்கு எண்டு. மருமகளைப் பாத்துக் கனகாலம். இந்த முறை ஆளைப் பாக்கிறதெண்டு முடிவெடுத்திட்டன், வாறன். அண்ணா, ஒண்டு. பலகாரம் ஒண்டும் கொண்டு வரமாட்டன். கைப்பை மட்டும்தான். அதையும் அங்க போய்ச் சேருமட்டும் கையை விட்டு விடமாட்டன்."

ஒரு கிழமையாக எழுத நினைத்து, செல்வி நாள் சரியில்லை என்று தள்ளித் தள்ளி, கடைசியில் எழுதி முடித்தது: 2008 ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி. இராகு காலம்.